யார் வீட்டுச் சோறு

மயிலாப்பூர்
6 ஜூலை 2025

சஃப்வானின் அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்லாமல் ஆரம்பித்தால் அதையும் ஜமாஅத்தில் போய்ச் சொல்வீர்கள், அதனால் சொல்லிவிட்டேன்.

நான் போனில் பேசியதை ரெக்கார்டு செய்து தலைவர் முன்னால் போட்டுக் காட்டினீர்கள். நீங்கள் பேசியதை நானும் போட்டேன். "இனிமே நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசவே கூடாது. எதுவா இருந்தாலும் காகிதத்துல எழுதிக் குடுங்க, எழுதும்போதாவது புத்தி வரும்" என்று அவர் சொல்லிவிட்டார். பிரிந்த பிறகு உங்களுக்கு எழுத எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

நேற்று நந்தனம் மைதானத்தில் கால்பந்துப் பயிற்சியில் சஃப்வானை யாரும் இடிக்கவில்லை, தள்ளவில்லை. ஓடிக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்து, பிறகு சாய்ந்துவிட்டான் என்று கோச் அய்யாதுரை சொல்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவின் இந்த முனையில் நான் நின்றேன், அந்த முனையில் நீங்கள். டாக்டர் சொன்னதை நர்ஸ் இரண்டு பக்கமும் நடந்து இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெண் நம்மைப் பார்த்த பார்வையில் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

உங்களிடம் அவள் எப்படிச் சொன்னாளோ தெரியாது. என்னிடம் சொன்னது இது. ரத்தம் ரொம்பக் குறைவு. வளர்கிற வயதில் போன வருஷத்தைவிட எடை இறங்கியிருக்கிறது. கணுக்காலுக்கு மேலே எலும்பில் ஏதோ நிழல் தெரிகிறது. ஸ்கேன் எடுத்துக் கட்டி இல்லை என்று பார்த்துவிட வேண்டும். கட்டி என்ற சொல்லை அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

ஒன்று கேட்கிறேன். பயிற்சி இருக்கும் நாளெல்லாம் அவனை மைதானத்திலிருந்தே நீங்கள் கிண்டிக்கு அழைத்துப் போகிறீர்கள். வாரத்தில் பாதிக்கு மேல் இரவுச் சாப்பாடு உங்கள் கையில். என்ன போடுகிறீர்கள் அவனுக்கு? ரோட்டோரப் பரோட்டாவும் சால்னாவுமா? ஓடிக் களைத்து வருகிற பிள்ளையை வெறும் வயிற்றோடு படுக்கப் போட்டீர்களா? உண்மையைச் சொல்லுங்கள், டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

ரூபீனா


கிண்டி
8 ஜூலை

ரூபீனா,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதத்தைக் கொடுக்கும்போது கோச், "நா இன்னா போஸ்ட்மேனா நைனா, இன்னா கருமம் இது" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் தலையில் அடித்துக்கொள்வதிலும் நியாயம் இருக்கிறது.

பரோட்டா என்கிறாய். பயிற்சி நாளில் பட்டறையை நாலு மணிக்கே பையன்களிடம் விட்டுவிட்டு, கறி வாங்கி, நானே சமைத்து வைத்துவிட்டுத்தான் அவனைக் கூப்பிட வருகிறேன். கீமா செய்கிறேன், முட்டை மசாலா செய்கிறேன். தட்டை வைத்து உட்கார்ந்தால் உன் பிள்ளை என்ன சொல்கிறான் தெரியுமா? "அம்மா குடுத்த டப்பாவே ஃபுல்லாகீது அத்தா, வயித்துல எடமில்ல." ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. நோன்புப் பெருநாள் முடிந்ததிலிருந்து இதே பாட்டு. நான் தனியாக உட்கார்ந்து தின்றுவிட்டு மிச்சத்தை எடுத்து வைக்கிறேன்.

நீ வேண்டுமென்றே அவன் வயிற்றை அடைத்து அனுப்புகிறாய். என் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிடக் கூடாது, அதுதானே உன் கணக்கு? ஒரு தடவை நானும் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். "உங்கம்மா துன்ன வச்சி அனுப்பிட்டா அப்பறம் இந்த வூட்டுக்கு இன்னாத்துக்கு வர்றே" என்று. அவன் போய்ப் படுத்துக்கொண்டான்.

காலை நாஷ்டாவும் அப்படித்தான். பள்ளியில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று ஓடிவிடுவான். இவ்வளவுதான் என் உண்மை. டாக்டரிடம் இப்படியே சொல்.

ஸ்கேன் என்று கேட்டதிலிருந்து லேத் மெஷினைப் பையன்களிடம் விட்டுவிட்டேன். உன் மேல் இருக்கிற கோபத்தில்கூட மனது நிற்கவில்லை. அவன் காலைப் பார்த்தாயா, எவ்வளவு மெலிசாக இருக்கிறது.

வலியுல்லா


மயிலாப்பூர்
9 ஜூலை

சஃப்வானின் அத்தாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தி. நகரில் தையல் கடையிலேயே வைத்துப் படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். கையில் இருந்த ஜாக்கெட்டைத் தப்பாக வெட்டிவிட்டேன், மாஸ்டர் அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

நான் கொடுத்தனுப்பும் டப்பா காலியாகத்தான் திரும்பி வருகிறது. அவித்த முட்டை இரண்டு, கொண்டைக்கடலை சுண்டல், வாழைப்பழம், பேரீச்சம்பழம். ஓடி முடித்ததும் சாப்பிட வேண்டும் என்று கோச் எல்லாப் பெற்றோருக்கும் சொன்னதை ஒரு நாள்கூட நான் விட்டதில்லை. டப்பாவைக் கழுவிக்கூடக் கொண்டுவருகிறான். அவன் சாப்பிடுகிறான் என்றுதானே அர்த்தம்.

அப்படியானால் யோசித்துப் பாருங்கள். அவன் சாப்பிட்டும் இளைக்கிறான். சாப்பிட்டும் ரத்தம் இல்லை. நாம் இரண்டு பேரும் சொல்வது உண்மையானால், அவனை உள்ளே இருந்து வேறு ஏதோ தின்கிறது. டாக்டர் பயப்படுவது சரியாகிவிடுகிறது.

அதனால் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். நீங்கள் பொய் சொன்னதாக இருக்கட்டும். அவனைப் பட்டினி போட்டேன், சமைக்கவே இல்லை, கவனிக்கவே இல்லை என்று எழுதிக் கொடுங்கள். ஜமாஅத்துக்குக் கொண்டுபோக மாட்டேன், அல்லாஹ் மேல் ஆணை. எனக்குச் சந்தோஷமாக இருக்கும். பட்டினி என்றால் நாளைக்கே சோறு போட்டுச் சரி செய்துவிடலாம்.

நாளை ஸ்கேன். உள்ளே ஒருவரைத்தான் விடுவார்களாம். நான் போகிறேன். நீங்கள் வெளியே இருங்கள், வராமல் இருந்துவிடாதீர்கள்.

ரூபீனா


கிண்டி
12 ஜூலை

ரூபீனா,

கட்டி இல்லை என்று டாக்டர் சொன்னபோது நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாய். தண்ணீர் வாங்கி வந்தேன், பிறகு உன்னிடம் எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் அந்த நர்ஸிடம் கொடுத்தேன். குடித்தாயா?

எலும்பில் விரிசல். அடிபட்டு வந்தது இல்லை, தீனி இல்லாமல் ஓடி ஓடி வந்தது என்கிறார்கள். நீ மருந்து வாங்கப் போனபோது அந்தச் சத்துணவு டாக்டரம்மா சாருலதா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஓடி முடித்ததும் சீக்கிரமே உள்ளே போகிற சாப்பாடுதான் தேய்ந்த உடம்பைச் சரிக்கட்டுமாம். பெரியவர்களுக்கு ஓடியதற்கு மட்டும் சாப்பிட்டால் போதும், இவன் வயதுக்கு ஓடியதற்கும் வேண்டும், வளர்வதற்கும் வேண்டும். இரண்டும் கிடைக்காவிட்டால் உடம்பு எலும்பிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும். இப்படியே போனால் கால்பந்தை மறந்துவிடுங்கள், பிள்ளை நிமிர்ந்து வளர்வதே சந்தேகம் என்றார். "வீட்டில் யார் சாப்பாடு கொடுப்பது" என்று கேட்டார். எந்த வீட்டில் என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"கடைசியாக எப்போது நன்றாக இருந்தான்" என்று கேட்டார். யோசிக்காமல் சொல்லிவிட்டேன், ரமலானில் என்று. நான் கிண்டல் செய்வதாக நினைத்து முகம் சுளித்தார். உண்மையைத்தான் சொன்னேன். உனக்கும் ஞாபகம் இருக்கும். மார்ச் மாதம் முழுக்க நோன்பு வைத்தான். அத்தனை நோன்பிலும் கன்னம் உப்பி, பெருநாள் சட்டை தோளில் பிடித்து, நீ தையலைப் பிரித்துவிட்டாய். பெருநாளுக்கு அடுத்த வாரம் நடந்த மேட்சில் அவனைத் துரத்திப் பிடிக்க ஆள் இல்லை.

பட்டினி கிடந்த மாதத்தில் தேறினான், மூன்று வேளையும் சோறு கிடைக்கிற மாதங்களில் இளைத்தான். இது என்ன கணக்கு? பட்டறையில் ஒரு மெஷின் எண்ணெய் போடாத நாளில் நன்றாக ஓடி, போட்ட நாளில் கெட்டால் நான் விடமாட்டேன், கழற்றிப் பார்த்துவிடுவேன். இதில் எங்கே கழற்றுவது என்று தெரியவில்லை. நீ கொஞ்சம் பார்.

வலியுல்லா


மயிலாப்பூர்
15 ஜூலை

சஃப்வானின் அத்தாவுக்கு,

பார்த்துவிட்டேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

ரமலானில் பயிற்சி முடிந்து, நோன்பு திறக்கும் மஃரிப் பாங்குக்கு மைதானத்துக்குப் பக்கத்துப் பள்ளிவாசலுக்குத்தானே ஓடுவான். நீங்கள் ராத்திரி தராவீஹ் தொழுகையும் முடிந்த பிறகு அங்கிருந்து கூப்பிட்டுப் போவீர்கள். அங்கே போனேன். வாசலில் நின்று, கஞ்சி ஊற்றுகிற பீர் முஹம்மது பாயைக் கூப்பிடச் சொன்னேன். போனில் சஃப்வான் போட்டோவைக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

"இந்தப் புள்ளயா? தோ, இந்தத் தூண்கிட்டதான் குந்துவான். ரெண்டு கிண்ணம் கஞ்சி அடிப்பான்மா, மூணாவதுக்கும் நீட்டுவான். வடை, பேரீச்சம்பழம் எல்லாம் பாக்கெட்ல போட்டுக்குவான். ராத்திரி தராவீஹ் முடிஞ்சப்பறமும் தொன்னைல எதுனா வாங்கித் துன்னுகினே போவான். இன்னாபா, வூட்ல சோறு போடலியான்னு நானே ஒருநா அவன்கிட்ட கேட்டேன்."

வீட்டுக்கு வந்து அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டேன். திட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டேன். அங்கே மட்டும் எப்படிடா அவ்வளவு சாப்பிட்டாய் என்று. காலை இழுத்துக்கொண்டான். பிறகு, "அது யாரு வூட்டு சோறும் இல்லம்மா" என்றான்.

அதற்கு மேல் அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல்கூட மாற்றவில்லை.

"உன் டப்பாவத் துன்னுட்டுப் போனா அத்தா வூட்ல துன்ன முடியல. அத்தா மூஞ்சி தொங்கிப்போவுது. அத்தா வூட்ல துன்னா மறுநாளு நீ கேக்குற. இன்னா குடுத்தாரு, கடைல வாங்குனதா, எந்த எண்ணெய், உடம்புக்கு ஆவுமா. அப்பறம் அதுக்கு ஒரு சண்டை. ஜமாஅத்துல உங்க ரெண்டு பேர் போனும் கத்திச்சே, அதுல என் சாப்பாட்டப் பத்தித்தான நீங்க ரெண்டு பேரும் கெட்ட வார்த்தை பேசினீங்க. நா வெளிய நின்னுகினு இருந்தேன். உன் டப்பாவ கிரவுண்டாண்ட நாய்ங்களுக்குப் போட்டுருவேன். அத்தாகிட்ட அம்மா குடுத்துச்சின்னு சொல்லிருவேன். எதுவும் துன்னாதப்ப யாரும் ஒண்ணும் கேக்கலம்மா."

பசிக்கவில்லையா என்றேன். மொதல்ல பசிக்கும், அப்புறம் தூக்கம் வந்துரும் என்றான்.

அவன் பேசி முடித்ததும் என்னையே தேற்றுகிறான். "நீ அழாத, அத்தாவும் நல்லாத்தான் சமைக்கிறாரு, வாசனையிலயே தெரியும்" என்கிறான்.

உங்கள் மேல் பழி போட வார்த்தை தேடினேன். கிடைக்கவில்லை.

ரூபீனா


கிண்டி
17 ஜூலை

ரூபீனா,

படித்தேன். கடிதம் இப்போதும் சட்டைப் பையில் இருக்கிறது.

அவன் தட்டில் கை வைக்காத அத்தனை நாளும் நான் உன் மேல்தான் எரிச்சல்பட்டேன். அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

என்ன செய்ய வேண்டும், நீயே சொல்.

வலியுல்லா


மயிலாப்பூர்
27 ஜூலை

சஃப்வானின் அத்தாவுக்கு,

உண்மை தெரிந்துவிட்டது, இனி சாப்பிட்டுவிடுவான் என்று நினைத்த நான் ஒரு முட்டாள். இந்த வாரமும் எடை இறங்கித்தான் இருக்கிறது. என் வீட்டில் தட்டை வைத்தால் என் முகத்தைப் பார்க்கிறான். உங்கள் வீட்டில் உங்கள் முகத்தைப் பார்க்கிறான் என்று நீங்களும் சொல்லி அனுப்பினீர்கள். இரண்டு வாய் போட்டுக்கொண்டு, உள்ளே போய் அதையும் வாந்தி எடுத்துவிடுகிறான். வேண்டுமென்று செய்யவில்லை. "தொண்டைல நிக்குதும்மா" என்று அழுகிறான். எனக்கு அவனைக் கட்டிப் பிடிக்கவே பயமாக இருக்கிறது, எலும்புதான் கையில் தட்டுப்படுகிறது.

சாருலதா மேடம் நேராகவே சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு வாரத்தில் எடை ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் ஊட்ட வேண்டும். அவன் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான். "அதுல யாரு ஊத்துவாங்க மேடம், நர்ஸா?" என்று கேட்டான். நர்ஸ்தான் என்றதும் சரி என்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நினைத்தால் சாப்பாட்டில் கை வைக்க எனக்கே முடியவில்லை.

ஒரு வழி தோன்றுகிறது. அவன் எங்கே சாப்பிட்டான்? யார் வீடும் இல்லாத இடத்தில், யார் சமைத்தது என்று தெரியாத சாப்பாட்டை. அதையே செய்து பார்ப்போம். கட்டுப் போட்ட காலோடு பள்ளியிலிருந்து அவனைத் தன் வண்டியில் மைதானத்துக்கு அழைத்துப்போய் ஓரத்தில் உட்கார வைக்கிறேன் என்று கோச் சொல்கிறார். மற்றவர்கள் ஆடி முடிக்கும்போது அவரே ஒரு டப்பாவைக் கொடுப்பார். ஒரு நாள் நான் சமைப்பேன், ஒரு நாள் நீங்கள். ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பா இரண்டு வாங்கியிருக்கிறேன், ஒன்று இத்துடன் வருகிறது. சோறு, முட்டை, பருப்பு, தயிர், பழம். மேடம் சொன்னது அவ்வளவுதான், பவுடர் கிவுடர் எதுவும் வேண்டாம்.

டப்பாவைக் கொடுத்துவிட்டு நாம் இருவரும் போய்விட வேண்டும். எட்டிப் பார்க்கக் கூடாது. என்ன சாப்பிட்டாய் என்று இரண்டு வீட்டிலும் யாரும் கேட்கக் கூடாது. நான் கேட்காமல் இருப்பேனா என்று எனக்கே நம்பிக்கை இல்லை, ஆனால் இருப்பேன்.

இன்னொன்று. வெங்காயத்தைப் பொடியாக நறுக்குங்கள். விறகு பிளப்பதுபோல் வெட்டினால் உங்கள் கை என்று கண்டுபிடித்துவிடுவான்.

ரூபீனா


கிண்டி
6 ஆகஸ்ட்

ரூபீனா,

நீ கேட்காமல் இருப்பதாகச் சொன்னாய், அதனால் நான் எழுதுகிறேன். கோச் நேற்று பட்டறைக்கே வந்துவிட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

முதல் நாள் டப்பாவைத் திறந்து பார்த்து மூடிவிட்டானாம். யார் கொடுத்தது என்று கேட்டிருக்கிறான். "கிரவுண்டு குடுத்துச்சி, துன்னு" என்று சொல்லிவிட்டு இவர் விசில் ஊதப் போய்விட்டார். இரண்டாம் நாள் பழத்தை மட்டும் தின்றான். அடுத்த நாள் பாதி. பக்கத்தில் இருந்த நாய்க்குப் போடப் போனவனைப் பார்த்து, "அதுக்கு நா வேற வச்சிகீறேன், உன்னுத நீ துன்னு" என்று ஒரு சத்தம் போட்டாராம். சனிக்கிழமை முக்கால் டப்பா.

நேற்று என் முறை. வெங்காயத்தைப் பொடியாக நறுக்கத்தான் பார்த்தேன். எனக்கு வரவில்லை, ரூபீனா. உனக்குத்தான் தெரியுமே. கண் எரிந்து நேரமும் ஆகிவிட்டது, அப்படியே போட்டு முட்டை மசாலா செய்து அனுப்பிவிட்டேன்.

முழு டப்பாவையும் சாப்பிட்டானாம். வழித்துச் சாப்பிட்டுவிட்டு, குழாயடியில் கழுவி, கோச்சிடம் கொடுத்துச் சொல்லியிருக்கிறான்: "வெங்காயம் தடிதடியாகீது சார். இது அத்தா பண்ணது. நேத்து வந்தது அம்மாது. எனக்கு மொத நாளே தெரியும்." கோச் டப்பாவை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார். பின்னாலிருந்து இவன், "நல்லா இருந்துச்சி சார். அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்றானாம்.

கோச் போன பிறகு லேத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவன் சாப்பிட்டுவிட்டான், நான் சந்தோஷப்பட வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. நன்றாக இருந்தது என்று சொல்வதையே திருட்டுத்தனம்போல் சொல்ல வேண்டியிருக்கிறது அவனுக்கு. நாளைக்கு உன் டப்பாவை வழித்துத் தின்றுவிட்டு, அத்தாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்பான். எடை ஏறினால் மட்டும் இது தீருமா?

உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவன் சொன்னதை நான் சொல்லிவிட்டேன். அவனிடம் காட்டிக்கொள்ளாதே.

வலியுல்லா


மயிலாப்பூர்
6 ஆகஸ்ட், மாலை

சஃப்வானின் அத்தாவுக்கு,

கோச்சை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். முணுமுணுத்துக்கொண்டு டீ குடிக்கிறார்.

காட்டிக்கொள்ளத்தான் போகிறேன்.

இன்று பயிற்சி இல்லை, நாளை வியாழக்கிழமை என் முறை. ஆனால் நான் சமைக்கப் போவதில்லை. நீங்களே சமையுங்கள். அதே முட்டை மசாலா. இரண்டு டப்பாவும் வேண்டாம், கோச்சும் கொடுக்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பாத்திரத்தில் போட்டு, அவன் பார்க்கிற மாதிரி நீங்களே கொண்டு வாருங்கள். தட்டு மூன்று எடுத்து வாருங்கள்.

கடையில் சீக்கிரம் சொல்லிவிட்டு நானும் மைதானத்துக்கு வருகிறேன். அவனுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன், நீங்கள் அந்தப் பக்கம் உட்காருங்கள். இதற்கு வேறு அர்த்தம் எதுவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நமக்குள் முடிந்தது முடிந்ததுதான், அதில் மாற்றம் இல்லை. பார்த்தவர்கள் ஜமாஅத்தில் போய்ச் சொன்னால் சொல்லட்டும், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

முதல் வாய் நான் எடுக்கிறேன். அவன் என் முகத்தைப் பார்ப்பான், எப்போதும் பார்க்கிறவன்தானே. பார்க்கட்டும். நான் மென்று விழுங்குவதை முழுசாகப் பார்க்கட்டும். "உங்கத்தா பண்ணது நல்லாகீதுடா, துன்னு" என்று வாய்விட்டுச் சொல்வேன். உப்பு இல்லாவிட்டாலும் சொல்வேன். மறுநாள் என் சாப்பாட்டுக்கு நீங்கள் வந்து அதையே சொல்ல வேண்டும்.

வெங்காயத்தைப் பொடியாக நறுக்க வேண்டாம். உங்கள் கைக்கு வருகிற மாதிரியே வெட்டிப் போடுங்கள்.

ரூபீனா